சோகமில்லா நாட்கள்

மனச்சோர்வு என்ற நோய் மனித குலத்தை விட்டு நிரந்தரமாக நீங்கிய இடம் கும்மிடிப்பூண்டி. சிப்காட் உள்சாலையில், பெயிண்ட் வாளிகளுக்கு மூடி செய்யும் வஜ்ரா மூடிகள் நிறுவனத்தில், ஒரு திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டு தொடங்குவதற்குச் சற்று முன்பு அது ஒழிக்கப்பட்டது. உலகம் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் கேண்டீன் சுவரில், 'தயிர் இரண்டாம் முறை கேட்கக் கூடாது' என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில், முறைப்படி கையெழுத்திட்ட சுற்றறிக்கையாக அது ஒட்டப்பட்டது.

ஒழித்தவர் சந்திரமோகன், மனிதவளத் துறைத் தலைவர்.

எல்லாத் தொழிற்சாலைகளையும் போல வஜ்ராவின் வாசலிலும் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. தினமும் ஒரு எண் ஏறும். யாராவது மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சந்திரமோகன் அதற்குப் பக்கத்தில் இரண்டாவது பலகை ஒன்றை மாட்டினார். அதன் பெயர் 'சோகமில்லா நாட்கள்'. திறப்பு விழாவில் அவர் அதை விளக்கினார்.

"கையில அடிபட்டா தெரியுது. மனசுல அடிபட்டா தெரியறதில்ல. தெரியாத ஒண்ணை நாம எப்படிக் கட்டுப்படுத்துறது? அதனால முதல்ல தெரியவைப்போம். தெரிஞ்ச உடனே தடை பண்ணுவோம். என்னையே எடுத்துக்கங்க. காலேஜ் முடிச்சதிலேருந்து எனக்குச் சோகம் வந்ததில்ல. தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு, 'உனக்கு அனுமதி இல்ல'ன்னு சொல்லிடுவேன். அதுவும் போயிடும்."

பலகைக்குக் கீழே ஒரு கருவி. 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று அதில் எழுதியிருக்கும். சிரிக்கும் முகத்தோடு பச்சைப் பொத்தான், வாடிய முகத்தோடு சிவப்புப் பொத்தான். விற்றவன் அனுப்பியபோது நடுவில் மஞ்சளாக மூன்றாவது முகம் ஒன்றும் இருந்தது. சிரிக்கவும் இல்லாமல் அழவும் இல்லாமல் சும்மா இருக்கும் முகம். சும்மா இருப்பதை நிர்வாகம் எந்த வடிவத்திலும் ஆதரிப்பதில்லை என்பதால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. உள்ளே வரும் ஒவ்வொருவரும் ஒன்றை அமுக்க வேண்டும். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் பலகை பூஜ்யத்துக்குப் போகும். நூறைத் தொட்டால் எல்லாருக்கும் மட்டன் பிரியாணி, காண்டிராக்ட் ஆட்கள் உட்பட.

அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் புரட்சி செய்தன. சம்பளப் பிடித்தத்தைத் தவிர வேறு எதிலும் அதுவரை காண்டிராக்ட் ஆட்கள் 'உட்பட' ஆனதில்லை. அன்று முதல் வஜ்ராவில் ஒருவரும் சோகப்படவில்லை. வீட்டில் சாவு விழுந்தவர்கள்கூடப் பச்சையை அமுக்கிவிட்டுத்தான் லீவு கேட்டார்கள்.

பென்னி விழாவுக்கு வரவில்லை. அன்று அவன் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் வஜ்ராவில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருப்பவன். மூடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பான். கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. 'பரவாயில்லை' என்று மூன்றாவது பெட்டி கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லப்பட்ட வேதம் ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததைப் போடு, மனதால் நினைத்ததைப் போடாதே. எனவே, ஒரு மாத மருத்துவ லீவு முடிந்து வந்த காலையில், வாசலில் கருவி அவனைப் பார்த்து இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, அவன் தன்னைக் கொஞ்ச நேரம் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். சிவப்பை அமுக்கினான்.

வேறு எந்தத் துறையில் இருப்பவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

பென்னிக்கு என்ன என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. கண் விழிக்கும்போதே நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல் இருக்கும். கம்பெனி பஸ் பொன்னேரியில் திரும்பும்போது காரணமே இல்லாமல் உள்ளங்கை வேர்த்து, இதயம் கம்ப்ரெஷர்போல அடித்துக்கொள்ளும். மீஞ்சூரில் ஒற்றை அறையில் இருந்தான். அம்மா கன்னியம்மா ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து சாயங்காலம் போன் செய்து சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன் என்பான். வேறு பேச்சு இருக்காது. இருவரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வைப்பார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே உடம்பைக் கொஞ்சம் அசைக்கச் சொன்னார். எழுந்திருக்கவே முடியவில்லை, எங்கே அசைப்பது என்று கேட்டான். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"ஓடுன்னு சொல்லலப்பா. ஷூவ மாட்டு. அவ்ளோதான். மாட்டினப்புறம் நடக்கணும்னு இருந்தா நட. இல்லன்னா கழட்டிடு. பாதியில திரும்பணும்னு இருந்தா திரும்பிடு. எல்லாமே கணக்குதான்."

பென்னி கேட்ட மருத்துவ ஆலோசனைகளிலேயே அவனால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். சாயங்காலம் மீஞ்சூருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்குவான். அங்கே ஒரு ஏரிக்கரை. வேலிகாத்தான் புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஒரு பனைமரம், அதற்கப்பால் ஓடாத பம்புசெட்டு அறை. தூரத்தில் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சில நாள் பம்புசெட்டு வரை போவான். சில நாள் பனைமரத்தோடு சரி. சில நாள் இறங்கிய இடத்திலேயே நின்று கொக்குகளைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிப்பான். அந்தப் பாதையில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாளில் சாக்கு கொஞ்சம் இளகுவது அங்கே மட்டும்தான்.

அவன் சிவப்பை அமுக்கியதும் முப்பதைத் தாண்டியிருந்த பலகை பூஜ்யமானது. கேண்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் தட்டோடு எழுந்து போனார்கள். சாயங்கால பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அடுத்த மெஷினில் நிற்கும் சாம்சன் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னான்.

"டேய் நைனா, அது உன்னைப் பத்திக் கேக்கலடா. சும்மா கேக்குது. ரோட்டுல ஒருத்தன் 'நல்லாக்கிறியா'ன்னா நீ இன்னா சொல்லுவ?"

"நல்லாக்கிறேன்னு."

"அவ்ளோதான். அந்த பட்டனும் ரோட்டுல போறவன்தான். பச்சைய அமுக்கிக்கினு போய்க்கினே இரு. பிரியாணியில மண்ணைப் போட்டுட்டியேடா."

நிர்வாகம் அவனைத் திட்டவில்லை. நிர்வாகம் யாரையும் திட்டுவதில்லை. அது மீட்டிங் போடும்.

வஜ்ராவில் மூடி உடைந்தால் 'ஏன்-ஏன் ஆய்வு' நடக்கும். ஏன் உடைந்தது? சூடு போதவில்லை. ஏன் போதவில்லை? ஹீட்டர் பழுது. இப்படி ஐந்து 'ஏன்' கேட்டால் மூல காரணம் வந்துவிடும் என்பது விதி. பென்னிக்கும் அது நடந்தது. மேசையைச் சுற்றி சந்திரமோகன், தயாரிப்பு மேலாளர், பாதுகாப்பு அதிகாரி. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம்.

ஏன் சிவப்பை அமுக்கினாய்? மனது சரியில்லை என்றான் பென்னி. மனது ஏன் சரியில்லை? தெரியவில்லை என்றான். 'தெரியவில்லை' என்ற பதிலை அந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. தயாரிப்பு மேலாளர், இதே பிரச்சினை மூன்றாம் நம்பர் மெஷினுக்கு வந்தபோது எண்ணெய் மாற்றியதும் சரியானது என்று நினைவுகூர்ந்தார். பாதுகாப்பு அதிகாரி, சோகம் ஏற்பட்ட சமயத்தில் ஹெல்மெட் அணிந்திருந்தானா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது 'ஏன்'னில் பென்னி மாத்திரையைச் சொன்னான். நான்காவதில், வேறு வழியில்லாமல், ஏரிக்கரையைச் சொல்லிவிட்டான். எந்த நிறுத்தம், எந்தப் பாதை என்றெல்லாம் கேட்டார்கள். அதையும் சொன்னான்.

சந்திரமோகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டார்கெட் எவ்ளோ?"

"டார்கெட் இல்ல சார்."

"யாரு அளக்குறாங்க?"

"யாரும் இல்ல சார். நடப்பேன். வேணாம்னு தோணுனா திரும்பிடுவேன்."

சந்திரமோகன் எழுந்தார். கைகளைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்து, மீட்டிங் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நடந்து காட்டினார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் நிழல் சுவரில் பின்னாலேயே போனது. "இப்படியா? தொலைஞ்சுபோன எருமை மாதிரி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பென்னியும் சிரித்துவைத்தான்.

"இலக்கு இல்லாம நகர்றதுக்கு நம்ம தொழில்ல ஒரு பேர் இருக்கு, பென்னி. அசைவு விரயம். ஸ்குரூ எடுக்க ஒருத்தன் ரெண்டு அடி அதிகமா நடந்தாலே நாம மேசையை நகர்த்திப் போடுறோம். நீ ஏரியைச் சுத்துற. உன்னோட சோகத்துக்கு இதுதான் மூல காரணம்."

ஐந்தாவது 'ஏன்'னுக்கு அவசியமில்லாமல் ஆய்வு முடிந்தது. தீர்வு என்ற கட்டத்தில் 'உற்சாகப் பயிற்சி' என்று ஏறியது.

உற்சாகப் பயிற்சி ஷிப்டு முடிந்ததும், கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சிமெண்டுத் தரையில் நடந்தது. சென்னையிலிருந்து மைக்கோடு ஒரு பயிற்றுநர் வந்தார். முதல் நாள் பென்னி மட்டும். பிறகு, சோகப்படக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கொட்டாவி விட்டதற்காகச் சாம்சன் வந்தான். எல்லாரும் குதித்துக்கொண்டே 'நான் சூப்பர்' என்று கத்த வேண்டும். உடற்பயிற்சி செய்ய மனம் வராதவர்கள் என்ன செய்வது என்று பென்னி கேட்டான். இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று பயிற்றுநர் விளக்கினார்.

கத்துவது போதுமா என்று எப்படித் தெரிவது? கம்ப்ரெஷர் சத்தத்தை அளக்கும் கருவியைத் தயாரிப்பு மேலாளர் கொண்டுவந்து வைத்தார். சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் உற்சாகம் என்று ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் அந்த அளவைத் தாண்டும் இடத்தில் காதடைப்பான் கட்டாயம் என்று பாதுகாப்பு அதிகாரி விதியைக் காட்டினார். இரண்டு துறையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு, ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காமல், தனித்தனியாகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பென்னிக்குத் தன் குரல் மட்டும், மூடிய வாளிக்குள்ளிருந்து வருவதுபோல் மண்டைக்குள் கேட்டது. நான் சூப்பர். நான் சூப்பர்.

பயிற்சி முடிவதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். கத்தியவர்களைக் கொண்டுபோய்விட ஒரு வேன் விட்டார்கள். அது ஏரிக்கரையில் நிற்காது. இடையில் நிறுத்தக் கேட்டால் டிரைவர், தனக்கும் டார்கெட் இருக்கிறது என்றார். மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் இறங்கி அறைக்குப் போகும்போது பென்னியின் கால்கள் பிறத்தியார் கால்கள்போல் இருக்கும். ஷூ கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையாவது போகலாம் என்று அதை எடுத்து வெளியே வைத்தான். நாள் முழுக்கக் கட்டிலில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மா போனில் கேட்டபோது சாப்பிட்டேன் என்றான். சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் அவன் பச்சையை அமுக்கக் கற்றுக்கொண்டான். அது ஒன்றும் கடினமில்லை. கட்டைவிரலைத் தவிர உடம்பில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. பலகை ஏறத் தொடங்கியது. பஸ் இருக்கைகளில் அவன் பக்கம் மறுபடி ஆள் உட்கார்ந்தார்கள். சாம்சன் தோளைத் தட்டி, "இப்பதான்டா தேறுன" என்றான். மூடிகளைச் சோதிக்கும்போது மட்டும் பென்னிக்கு ஒரு சிக்கல் வந்தது. கீறல் உள்ள மூடியைச் சிவப்பில் போடுவதற்கு முன் கை ஒரு கணம் நின்றது.

அவன் குணமானது தலைமை அலுவலகம் வரை எட்டியது. வெற்றிக்கதை கேட்டார்கள், படத்தோடு. 'முன்', 'பின்' என்று இரண்டு படம். சந்திரமோகன் தன் அறைக்கே புகைப்படக்காரரை வரவழைத்தார். அறையில் எங்கும் பொன்மொழிகள். மேசையில் பாதி சாப்பிட்ட கேண்டீன் இட்லி காய்ந்துபோயிருந்தது.

'பின்' படம் உடனே முடிந்தது. பென்னி இதற்குள் சிரிப்பில் தேர்ந்திருந்தான். சிக்கல் 'முன்' படத்தில். முன்னால் யாரும் அவனைப் படமெடுக்கவில்லை என்பதால் அதையும் இப்போதுதான் எடுக்க வேண்டியிருந்தது. சோகமாக நிற்கச் சொன்னார்கள். நின்றான். புகைப்படக்காரர் திருப்தியடையவில்லை, வயிற்றுவலிபோல் இருக்கிறது என்றார். சந்திரமோகன் பொறுமையிழந்து, "தள்ளு, நான் காட்டுறேன்" என்று விளக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள்களை விட்டார். கண்களைத் தரையில் எங்கோ வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். சந்திரமோகன் அப்படியே நின்றார். காட்டி முடித்துவிட்டோம் என்பது அவருக்கு மறந்துபோனதுபோல் இருந்தது. மூடிகளைப் பார்த்துப் பழகிய பென்னிக்கு, நல்ல வெளிச்சத்தில் எது தெரியுமோ அது தெரிந்தது.

"சார்" என்றார் புகைப்படக்காரர்.

"இப்படி" என்றார் சந்திரமோகன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இப்படி நிக்கணும். புரியுதா?"

பலகை தொண்ணூறைத் தாண்டியது. ஆடு சொல்லியாகிவிட்டது. கேண்டீனுக்கு வாடகைத் தட்டுகள் வந்து இறங்கின. சாம்சன் தினமும் வாசலில் பென்னிக்குப் பின்னால் நின்று அவன் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டான். ஒருநாள் காலை பென்னி பச்சையை அமுக்குவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக நாஷ்டாவுக்குப் போனான். அவன் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பலகை பூஜ்யத்தில் இருந்தது.

கேண்டீன் முழுக்கப் பென்னி பக்கம் திரும்பியது. சாம்சன் கர்த்தர் மேல் ஆணையிட்டு, தான் கண்ணால் பார்த்தது பச்சைதான் என்றான். சந்தேகம் தீராமல் எல்லாரும் வாசல் காவலாளி சடையப்பனிடம் போனார்கள். கருவி அவர் நாற்காலிக்கு எதிரில்தான் இருக்கிறது.

"பென்னி பச்சைதான். நானும் பாத்தேன்" என்றார் சடையப்பன்.

"அப்ப செவப்பை யாரு அமுக்குனது? அப்புறம் ஆபீஸ் ஆளுங்கதானே வந்தாங்க?"

சடையப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் கேட்டுக்குத்தான்பா காவல். கட்டைவிரலுக்கு இல்ல."

மதியம் ஒலிபெருக்கியில் சந்திரமோகனின் குரல் வந்தது. சிவப்புப் பொத்தானில் இயந்திரக் கோளாறு. சோகம் எதுவும் நிகழவில்லை. பலகையின் பழைய எண் மீட்கப்படும். பிரியாணி திட்டமிட்டபடி. எல்லாரும் கைதட்டினார்கள். பழுது பார்க்க வந்த பிட்டர், பொத்தான் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லப் பார்த்தான். அவனை யாரும் கேட்கவில்லை. மஞ்சளுக்கு ஒட்டியதுபோலவே சிவப்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இப்போது கருவியில் பச்சை மட்டும் இருந்தது. கேள்வி மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் உற்சாகப் பயிற்சி ரத்து. சந்திரமோகன் சார் வெளிவேலையாகப் போய்விட்டார் என்றார்கள்.

பென்னி வெகுநாள் கழித்துப் பழைய பஸ்ஸில் ஏறினான். ஷூ அறையில்தான் கிடந்தது, காலில் கம்பெனி பூட்ஸ். இருந்தாலும் மீஞ்சூருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் எழுந்தான். ஏன் இறங்குகிறாய் என்று சாம்சன் கேட்டான். சும்மா என்றான். "சுத்த பேஜாருடா உன்னோட" என்று சாம்சன் காலை மடக்கி வழிவிட்டான்.

ரோட்டோரம் ஒரு கார் நின்றிருந்தது. கண்ணாடியில் வஜ்ரா ஸ்டிக்கர். பாதையில் ஆள் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். தோளில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஆபீஸ் ஷூ. கைகள் இரண்டும் தொங்கின. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மீட்டிங் அறையில் நடித்துக் காட்டியதைவிடச் சற்று மோசமாகவே நடந்துகொண்டிருந்தார்.

பென்னி திரும்பிவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நான் சும்மா... ஏரியில தண்ணி இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றார் சந்திரமோகன்.

"தண்ணி இல்ல சார்."

"ஆமா. இல்ல."

இருவரும் இல்லாத தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நடுவில் தேங்கிய சேற்றில் கொக்குகள் நின்றன. பிறகு எப்படி ஆரம்பித்தது என்று தெரியாமல் நடந்தார்கள். பாதை ஒருவருக்குத்தான் காணும் என்பதால் பென்னி முன்னால், அவர் பின்னால். பனைமரம் வந்ததும் பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

"எனக்கு இவ்ளோதான் முடியும்னு தோணுது" என்றார் அவர்.

"சரி சார்."

"இது..." என்று எதையோ தேடினார். ஒலிபெருக்கியில் கேட்ட குரல் இல்லை அது. "இது கணக்குல வருமா?"

"வரும் சார்."

அவர் தலையாட்டிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார். பென்னி நடந்து பம்புசெட்டு அறைக்குப் போனான். பூட்ஸுக்குள் குதிகால் எரிந்தது. நெஞ்சின் மேல் சாக்கு அப்படியேதான் இருந்தது, ஓரம் மட்டும் லேசாகக் காய்ந்தாற்போல். படியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான்.

கார் போயிருக்கவில்லை. சந்திரமோகன் அதன் கதவைத் திறந்து, பையை உள்ளே வைத்தார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் காரில் கை வைத்தபடி நின்றார். பிறகு கைகளைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்து, யாரும் அளக்காத அந்தப் பாதையில், பனைமரத்தை நோக்கி மறுபடியும் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். பனைமரத்துக்கு வந்தார். அதைத் தாண்டினார்.

பென்னியின் பூட்ஸ் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் குனிந்து அதை அவிழ்த்தான். அவர் வந்து சேரும் வரை நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.